அம்பாசிடரின் கனத்த இரும்பு குழந்தையைக் காக்குமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1984 அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது. ஆறு வயது மகளைப் பள்ளியில் விட அதுவே போதும், இப்போதைய கார்களெல்லாம் தகர டப்பா என்கிறார் கணவர். எனக்கோ சிறிய புது கார் ஒன்று வாங்கலாமே என்று இருக்கிறது. எது சரி?

பதில்: பள்ளிக்குப் புது கார்தான். அதற்காக அம்பாசிடரை விற்றுவிடாதீர்கள்.

உங்கள் கணவர் மட்டுமல்ல, பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். லேசாக முட்டினால் அம்பாசிடரின் பம்பரில் கீறலோடு போய்விடும், புது காரின் முகப்போ சப்பையாகிவிடும். ஆனால் அந்த முகப்பு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் ஆட்கள் உட்காரும் கூடு குலையாமல் நிற்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் 2009-ல் ஒரு சோதனை செய்தது. 1959 ஷெவர்லே பெல் ஏரையும் 2009 ஷெவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பெல் ஏரில் ஓட்டுநர் இருந்த இடமே நசுங்கி, ஸ்டியரிங், அங்கே உட்கார வைத்திருந்த சோதனைப் பொம்மையை நோக்கித் தள்ளப்பட்டது. மாலிபுவின் கூடு அப்படியே நின்றது. அதிலிருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் மகளின் வயதுக்கு, பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கையும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் வேண்டும். 1984 அம்பாசிடரின் பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. பிற்பாடு பொருத்தலாம், ஆனால் துருவேறிய பழைய தகட்டில் போல்ட் முடுக்கினால், இழுக்கும் வேகத்தில் தகடே பிய்ந்து வரும். பிரேக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம். டிரம்முக்குள் அழுத்திப் பிடிக்கும் ஷூ இரு பக்கமும் சமமாக இல்லையென்றால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தேங்கிய மழைநீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரத்துக்குச் சரியாகவே பிடிக்காது. அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், புது கார்களில் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வாங்கும்போது, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் குழந்தைகளுக்கென்று தனியாகத் தரும் நட்சத்திரங்களைப் பாருங்கள். விற்பனையாளர் பெரும்பாலும் சன்ரூஃப் பற்றித்தான் பேசுவார்.

அம்பாசிடர் ஜெயிக்கும் இடமும் உண்டு. வழியில் நின்றுபோனால், என்ஜினுக்குத் தீப்பொறி கிடைக்க உதவும் பிளாட்டினம் பாயிண்டை எமரி தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்துக் கிளம்பிவிடலாம். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொண்டால் மேலே ஈரத்துணி போட்டுக் காத்திருந்தாலே போதும். புது காரில் ஒரு சென்சார் மக்கர் செய்தால் ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் கையைப் பிசைவார்.

அதனால் வாரம் ஒருமுறை, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை அம்பாசிடரை ஓட்டுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் முதலில் மாற்றிவிடுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். பழங்கால வண்டிகளுக்கென்று 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு 50 ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கு மட்டுமே. உங்களுடையதற்கு 2034 வரை பொறுக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் அனுமதி இல்லை.