நாலு நாள் விட்டுப்போன க்ளோசபின்: இன்று ராத்திரி 300 கொடுக்கலாமா?

நீலகிரி மலையில் மஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "எங்க அண்ணனுக்கு 34 வயசு, மனச்சிதைவு நோய். ரெண்டு மருந்து மாத்திப் பார்த்தும் கேட்கலை. ரெண்டு வருஷமா க்ளோசபின் 300 எம்.ஜி. ராத்திரி போடறார், எஸ்டேட் வேலைக்கே போற அளவுக்குத் தேறிட்டார். மாத்திரையை ஒருத்தர் கோயம்புத்தூரிலிருந்து வாங்கிட்டு வந்து தருவார். மழையில ரோடு அடைச்சதால நாலு நாளா மாத்திரை இல்லை, பீடியும் கிடைக்கலை. இன்னைக்குத்தான் வந்துச்சு. மெடிக்கல் ஷாப்காரர் வழக்கம்போல 300 குடுத்துடுங்க என்கிறார். குடுக்கலாமா? ரெண்டு வருஷம் ஆச்சே, மாசாமாசம் ரத்தம் எடுக்கிறது இனியும் வேணுமா?"

கொடுக்காதீர்கள். இதைப் படிக்கும்போது மாத்திரை கையில் இருந்தால் கீழே வையுங்கள். முதலில் அண்ணனைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போடுங்கள், லைன் கிடைக்காவிட்டால் 14416. அது அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். "க்ளோசபின், 300, நாலு நாள் விட்டுப்போச்சு" என்று சொன்னாலே மனநல டாக்டருக்குப் புரிந்துவிடும்.

க்ளோசபின் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும், நெஞ்சுத் துடிப்பை ஏற்றும், அளவு கூடினால் வலிப்பைக்கூடக் கொண்டுவரும். உங்கள் அண்ணன் 300-ஐத் தாங்கினார் என்றால், முதல் நாள் 12.5-ல் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றியதால்தான். அந்தப் பழக்கத்தை உடம்பு ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருக்காது. கடைசி மாத்திரை போட்டதிலிருந்து 48 மணி நேரம் தாண்டிவிட்டால், மலையிலிருந்து இறங்கியவர் மறுபடி அடிவாரத்திலிருந்துதான் ஏற வேண்டும். நேராக 300 கொடுத்தால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் மயங்கி விழலாம், மோசமாகப் போனால் இதயமே நின்றுவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மெடிக்கல் ஷாப்காரர் குழம்பியது இதில்தான். இந்த 48 மணி நேரக் கணக்கு க்ளோசபினுக்கு உரியது. பக்கத்து வீட்டில் ஒருவர் இதே நோய்க்கு ஓலன்சபின் என்கிற மருந்து போடுகிறார், ஐந்து நாள் விட்டுவிட்டு வழக்கமான அளவிலேயே தொடங்கினார், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஓலன்சபின், ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகள் சில நாள் விட்டுப்போனால் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டால் போதும். மாதம் ஒரு ஊசி போடுகிறவர்கள் கதை இன்னும் வேறு. ஊசி மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், இரண்டு நாள் தாமதத்துக்கு யாரும் பதற வேண்டியதில்லை. அவர்களைப் பார்த்து "நம்மாளும் அப்படித்தானே" என்று நினைப்பதுதான் ஆபத்து. க்ளோசபின் தனி ஜாதி. இரண்டு மருந்துக்கு அடங்காத நோயைக் கேட்க வைக்கும், அதற்கு ஈடாகச் சில கெடுபிடிகளையும் வைக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே ஒரு ராத்திரி மட்டும் மறந்துபோய், 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், அடுத்த வேளையை வழக்கமான அளவில் கொடுக்கலாம். விட்டதைச் சேர்த்து இரட்டையாகக் கொடுக்கக் கூடாது.

சரி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது? 12.5 எம்.ஜி., அதாவது 25 எம்.ஜி. மாத்திரையில் பாதி. உங்கள் வீட்டில் 100 எம்.ஜி. மாத்திரை மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதை எட்டாக உடைக்க முயற்சி செய்யாதீர்கள், தூளாகிப் போகும். டாக்டரிடம் சொல்லி 25-க்குச் சீட்டு வாங்குங்கள். முதல் வேளை போட்டதும் அவர் படுத்திருக்கட்டும், யாராவது கூட இருங்கள், எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்புறம் நிற்கட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லலாம். பழைய அளவுக்கு ஏற்றுவது முதல் தடவையைவிடச் சீக்கிரம் நடக்கும், ஆனால் அந்த வேகத்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாலு நாளாக அண்ணன் தூங்கியிருக்க மாட்டார். வியர்வை, வாந்தி, எரிச்சல் எல்லாம் இருக்கலாம், பழைய குரல்கள் திரும்பக் கேட்க ஆரம்பித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதைப் பார்த்துப் பயந்து யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். க்ளோசபின் புதிதாக ஆரம்பிக்கும் நேரத்தில் தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவார் என்று தோன்றினால் போன் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் "கோயம்புத்தூரிலிருந்து வாங்கிட்டு வருகிற ஒருத்தர்" விஷயத்துக்கு வருகிறேன். குந்தா, கூடலூர், கோத்தகிரி எங்கே போனாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பத்து வீட்டுச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்திருப்பார், பஸ் செலவு, கமிஷன் போக மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். நல்லவராகவே இருக்கட்டும். அவர் தரும் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய ஆறு மாத்திரை, பின்பக்கம் "சபி" என்கிற அளவுக்குப் பாதிப் பெயர், எக்ஸ்பயரி தேதி இருந்த மூலை கடைக்காரர் டப்பாவிலேயே நின்றுவிட்டது. அது 25-ஆ, 100-ஆ, உங்களுக்கு எப்படித் தெரியும்? க்ளோசபின் என்று எழுதியதை க்ளோனசபாம் என்று படித்து எடுத்துக் கொடுப்பது உலகம் பூராவும் நடக்கிற தப்பு. இரண்டாவது வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது, க்ளோசபினுக்கு அது மாற்று ஆகாது. "கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்" என்று யார் சொன்னாலும் முழு ஸ்ட்ரிப்பைக் கேளுங்கள், பெயரை எழுத்து எழுத்தாகச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள், பில் வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்கிற ஆளிடம் உயிர் சம்பந்தப்பட்ட மாத்திரை வாங்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை விஷயம். 1975-ல் ஃபின்லாந்தில் க்ளோசபின் போட்ட சிலருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, கிருமி தாக்கி எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல நாடுகள் மருந்தையே நிறுத்தின. வேறு எதற்கும் அடங்காத நோய் இதற்கு அடங்குகிறது என்று 1988-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டிய பிறகுதான், ரத்தம் பார்க்க வேண்டும் என்கிற நிபந்தனையோடு திரும்ப வந்தது. இந்த ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். "ரத்தம் பார்க்கிறதை அமெரிக்காவிலேயே எடுத்துட்டாங்க" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. 2025-ல் அங்கே எடுத்தது, ரிப்போர்ட்டைப் பதிவு செய்தால்தான் மருந்து என்கிற கட்டாயத்தை. ரத்தம் பார்க்கச் சொல்வது அப்படியேதான் இருக்கிறது. அதனால் மாதம் ஒரு முறை தொடருங்கள். இப்போது இடைவெளி விட்டதால் ஆரம்பிக்கும் முன் ஒன்று, அப்புறம் எத்தனை வாரம் அடிக்கடி எடுப்பது என்பதை டாக்டர் சொல்வார்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்கிற வகை எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். மொத்தம் 5200, நியூட்ரோஃபில் 58 சதவீதம் என்றால் 5200-ஐ 58-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள், 3016. அந்த எண் 1500-க்குக் கீழே போனால் டாக்டரிடம் பேசாமல் அடுத்த மாத்திரை கொடுக்காதீர்கள். எஸ்டேட் லைன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களிடமும் ஜாக்கிரதை. காலையில் எடுத்த குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, மறுநாள்தான் லேபில் கொடுப்பார்கள் என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது. மூன்று மாத ரிப்போர்ட்டிலும் ஒரே எண் வந்தால் அங்கே யாரும் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. இது அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்கிற சாதாரணப் பரிசோதனை.

மலையில் சளி, தொண்டை வலி இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் அண்ணனுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, தொண்டை வலியோ வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். காய்ச்சலுக்கு என்று கடையில் கேட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பார்கள். அது க்ளோசபினை உடம்பில் தேங்க வைத்து ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம், உயிர் போன சம்பவங்கள் உண்டு.

பீடியும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். பீடிப் புகை க்ளோசபினைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றும். பீடி நின்றால் ஒரு வாரத்துக்குள் அதே 300, பாதி மடங்கோ அதற்கு மேலோ கூடிய மாதிரி வேலை செய்யும். அண்ணன் நாலு நாளாகப் பீடி பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், டாக்டரிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்படியே நிறுத்திவிட்டால் நுரையீரலுக்கு நல்லது, மாத்திரை அளவைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டும். டீ, காபி நேர்மாறு, அதிகம் குடித்தால் மருந்து ஏறும். தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு டீயை விடச் சொல்ல மாட்டேன், தினம் ஒரே அளவாக இருக்கட்டும்.

வெள்ளை அணுவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் க்ளோசபின் போடுகிறவர்களை அதைவிட அதிகமாகக் கொல்வது மலச்சிக்கல் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடல் அசையாமல் நின்று அடைத்துக்கொள்ளும். இங்கே குளிரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, அது வேறு. மூன்று நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி வாங்குங்கள். வயிறு உப்பி, வலியோடு வாந்தியும் வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை.

கடைசியாக, இப்படி மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எல்லா நேரமும்! போய்க் கேளுங்கள், "டாக்டர் வர்ற அன்னைக்கு வாங்கம்மா" என்பார்கள், டாக்டர் வரும் அன்றைக்கு ஸ்டாக் வந்திருக்காது. இங்கே சீட்டு எழுதுவது ஒருவர், மருந்து தருவது ஒருவர், ரத்தம் பார்ப்பது வேறொருவர், அவர்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. ரோடு அடைத்தால் என்ன ஆகும் என்று கீழே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிவதும் இல்லை. 2019 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகாவது மழைக்காலத்துக்கு முன்பே கூடுதல் மருந்து கொடுத்து வைக்கிற வழக்கம் வந்திருக்க வேண்டும். நீங்களே கேட்டு வாங்குங்கள்: மஞ்சூர் பக்கம் ஜூனுக்கு முன், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு முன், பத்து நாள் மாத்திரை அதிகப்படியாக, அதோடு 25 எம்.ஜி. ஸ்ட்ரிப் ஒன்று. வெட்டாத ஸ்ட்ரிப்பாக, பில்லோடு, டப்பாவின் மேல் தேதி எழுதி, அண்ணன் கையில் கொடுக்காமல் நீங்கள் பூட்டி வையுங்கள். மாதாமாதம் புது மாத்திரை வந்ததும் பழையதை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, புதியதை அந்த டப்பாவில் போடுங்கள்.