கேவன் மாவட்டத்து ஸ்மித்: கெயிலிக் வேர் தேடும் வழி

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் ஸ்மித். கொள்ளுத்தாத்தா அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர் என்று மட்டும் தெரியும். இதற்குக் கெயிலிக், அதாவது ஐரிஷ் மொழி, மூலம் உண்டா? எப்படி உறுதி செய்வது?

பதில்: உங்களிடம் இருக்கும் இரண்டு தகவல்களுமே மிகவும் பயனுள்ளவை. 'மாக் கவ்வன்', அதாவது கொல்லனின் மகன், என்பது கேவனை உள்ளடக்கிய பழைய பிரெஃப்னி நாட்டின் முக்கியமான குலங்களுள் ஒன்று. இக்குலத்தாருள் பெரும்பாலோர் கேவனில் தங்கள் பெயரைப் பொருள்பட மொழிபெயர்த்து ஸ்மித் ஆனார்கள். அண்டை மாவட்டமான லீட்ரிமில் அதே பெயர் ஒலியை ஒட்டி மெக்கவன் என்று நின்றது. ஆயினும் 1609 முதல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் நடந்த குடியேற்றம் கேவனையும் உள்ளடக்கியது என்பதால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வழிவந்த ஸ்மித்துகளும் அங்கே உண்டு. குடியேறியவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள் என்பதால் சமயம் வலுவான குறிப்புதான், ஆனால் மணஉறவுகளாலும் மதமாற்றத்தாலும் அது பிழைபடக்கூடும். எனவே பெயரகராதியைப் புரட்டுவதற்கு முன்பு, குடும்பம் வாழ்ந்த 'டவுன்லேண்ட்' எது என்பதைக் கண்டுபிடியுங்கள். அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இச்சிறு நிலப்பிரிவுகளில் ஒன்றின் பெயர் தெரியாதவரை, தேடல் முன்னே நகராது.

அதற்கு 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தொடங்கலாம். அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சமயம், ஐரிஷ் மொழி அறிவு ஆகியவற்றுக்கான பத்திகளையும் கவனியுங்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளுள் பெரும்பகுதி இப்போது இல்லை. 1821 முதல் 1851 வரையிலானவை 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் மூண்ட தீயில் ஏறக்குறைய முழுவதும் எரிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. கேவனின் சில பங்குகளுக்கு (தேவாலய வட்டாரங்களுக்கு) மட்டும் 1821-இன் பகுதிகள் தப்பியிருப்பது உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இடைவெளியை 1864-இல் தொடங்கிய பொதுப் பிறப்பு இறப்புப் பதிவுகளும், 1847-க்கும் 1864-க்கும் இடையே வெளியான கிரிஃபித் நிலமதிப்பீடும் (வரிக்காக நிலம் வைத்திருந்தவர்களைப் பட்டியலிட்டது), 1820-களிலும் 1830-களிலும் தொகுக்கப்பட்ட தசமபாக ஏடுகளும் (திருச்சபை வரிப் பட்டியல்கள்) நிரப்பும்.

உண்மையான விடை பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளில்தான் ஒளிந்திருக்கும். தேசிய நூலகம் 2015-இல் இவற்றை இணையத்தில் வெளியிட்டது. பாதிரியார்கள் லத்தீனிலோ ஆங்கிலத்திலோதான் எழுதினார்கள். கெயிலிக் வடிவத்தை நேராக எதிர்பார்க்காதீர்கள். மாறாக, ஒரே பெற்றோரின் ஒரு குழந்தை ஸ்மித் என்றும் மற்றொன்று மெக்கவன் என்றும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய ஒரே ஒரு பதிவு, எத்தனை பெயரகராதிகளின் ஊகத்தையும்விட உறுதியான சான்று. ஞானப்பெற்றோரின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் உறவினர்களே.

இப்படிப் பெயர்கள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதியில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தையோ, தொழிலையோ, பதவியையோ குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று 1465-இல் ஒரு சட்டம் பணித்தது. எனினும் கேவனுக்கு அதைவிட முக்கியமானது, பின்னாளில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எழுத்தர்களும் நிலக்கிழார்களின் முகவர்களும் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதியதுதான். தவறான மொழிபெயர்ப்புகளும் ஏராளம்: மேற்கு அயர்லாந்திலுள்ள கான்னெமாராவின் 'மாக் கன்றீ' குடும்பங்கள் பல, இறுதி அசை அரசனைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லைப் போல ஒலித்ததால் கிங் ஆகிவிட்டன.

மரபணுச் சோதனை செய்வதானால், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை, தந்தைவழி ஆண் ஒருவரிடம் சோதிப்பதே இதற்கு உதவும். ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் வழியா, பிரெஃப்னி வழியா என்பதை, பிற கேவன் ஸ்மித்துகளோடும் மெக்கவன்களோடும் ஒப்பிட்டால் ஓரளவு அறியலாம். கடைகளில் விற்கும் 'ஸ்மித் குலச் சின்னம்' பொறித்த கோப்பைகளுக்குச் செலவழிக்க வேண்டாம். மரபுச் சின்னங்கள் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அளிக்கப்பட்டவை, அப்பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல.

சான்று கிடைத்து, பெயரை ஐரிஷ் மொழியில் எழுத விரும்பினால், ஆண்களுக்கு மாக் கவ்வன் என்றும், திருமணமாகாத பெண்களுக்கு நிக் கவ்வன் என்றும் எழுதுவதே மரபு. குடும்பத்துக்குள் மணம்புரிந்து வந்த பெண்ணுக்கு 'பான் விக் கவ்வன்' என்றோ சுருக்கமாக 'விக் கவ்வன்' என்றோ வரும்.