நகைச்சுவைக் காட்சி எடுப்பது: கேள்வி பதில்

கே: ஒத்திகையில் எல்லோரும் சிரித்தார்கள். எடிட்டில் செத்துக் கிடக்கிறது. ஏன் சார்?

ப: வசனம் முடிந்ததுமே வெட்டியிருப்பீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பேசியவர் வாய் மூடியபின் 8, பிறகு 12 என்று விட்டுப் பாருங்கள். கேட்பவர் முகத்துக்குப் போவதானால், அவருக்கு விஷயம் உறைப்பதற்கு முன்பே போய்விடுங்கள்; உறைக்கிற கணம் திரையில் நடக்கவேண்டும். விழுவது, இடிப்பதெல்லாம் வைடில், அதாவது ஆளும் இடமும் முழுதாகத் தெரிகிற மாதிரி, ஒரே ஷாட்டில். படப்பிடிப்பில் கேட்பவரின் குளோசப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இருபது முறை கேட்ட ஜோக்குக்கு யாராலும் புதிதாக முழிக்க முடியாது.

கே: 'டொய்ங்' சத்தம் சேர்க்கலாமா?

ப: வேண்டாம்.

கே: நல்ல காமெடி அமைவது அதிர்ஷ்டம்தானே?

ப: பாதி. 1928-ல் வந்த ஒரு படத்தில், மௌனப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் வீட்டின் முகப்புச் சுவர் அப்படியே சாய்கிறது. திறந்த ஜன்னல் வழியாக ஆள் தப்புகிறார். அது அளந்து வைத்தது, தற்செயல் அல்ல. தற்செயல் வேண்டுமென்றால் அதற்கு இடம் விடுங்கள்: காட்சி முடிந்தபின் ஐந்து நொடி கழித்து 'கட்' சொல்லுங்கள். காட்சியை முழுதாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் தம்ளர் தானாகக் கவிழ்ந்து சிரிப்பு வந்ததா? குளோசப்பிலும் கவிழ்க்கவேண்டும். மறந்தால் இரண்டும் ஒட்டாது, அதிர்ஷ்டம் குப்பைக்குப் போகும்.

கே: 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்வாரே, அங்கே சிரிப்பு நாகேஷால்தானே?

ப: கதை கேட்கிற பாலையாவால். நாகேஷைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

கே: பாலையாவை மறைத்தாலும் சிரிப்பு வருதே!

ப: வரும், சீக்கிரம் அலுக்கும். பாலையா மிரள மிரளத்தான் நாகேஷுக்கு இன்னும் ஏற்ற இடம் கிடைக்கிறது.

கே: அப்போ கதை சொன்னவருக்கு மதிப்பே இல்லையா அண்ணே?

ப: அப்படியா சொன்னேன் தம்பி? பந்து போட ஆள் வேண்டும்தான். ஆனால் அடிப்பவரை விட்டுவிட்டு கேமராவை எங்கே வைப்பீர்கள்? இப்படி இருவர் ஒரே தாளத்தில் ஏறும்போது மாற்றி மாற்றி வெட்டாமல், இருவரும் சேர்ந்து தெரிகிற டூ ஷாட்டில் விடுங்கள்.

கே: ஜோக்குக்குப் பின் எத்தனை ஃபிரேம் விடணும்?

ப: முதல் பதில்.

கே: எங்கள் படத்தில் வசனம் முடிந்ததும் கட் பண்ணினோம், சிரிப்பு வரல...

ப: முதல் பதில்!

கே: தியேட்டரில் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடுகிறது.

ப: இது நல்ல கேள்வி. அந்த இடத்தில் கதைக்குத் தேவையான வரியை வைக்காதீர்கள். ஒரு நடை, ஒரு முறைப்பு, கதவைச் சாத்துவது என்று ஏதாவது வேலை கொடுங்கள். கதை தெரியாத ஐம்பது பேருக்குப் போட்டுக்காட்டி, சிரிப்பு எத்தனை நொடி நிற்கிறது என்று போனில் பதிவு செய்து, அந்த அளவுக்கு எடிட்டில் நீட்டுங்கள். யூனிட் ஆட்களை மட்டும் உட்காரவைக்காதீர்கள். அவர்கள் டீ வரும்போதும் சிரிப்பார்கள்.