கோல்ஃபில் ஷாட்டைப் பதிவு செய்யும் சென்சார் வாங்கினால் ஸ்கோர் குறையுமா?

சிங்கப்பூரிலிருந்து துவாஸ் பாலம் தாண்டி ஜோகூர் போய் மாதம் இருமுறை ஆடியும் ஸ்கோர் (ஓர் ஆட்டத்தில் அடிக்கும் மொத்த ஷாட்டுகள், குறைந்தால்தான் நல்லது) 100-க்குக் கீழே வரவில்லை, சென்சார் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் அது தரும் எண்களைச் சரியாகப் படித்தால்தான்.

கிளப்பின் கைப்பிடி முனையில் சென்சாரைத் திருகிவிட்டால், எந்தக் கிளப்பால் எங்கிருந்து அடித்தீர்கள் என்பதை ஜிபிஎஸ் மூலம் குறித்துக்கொள்ளும். முதலில் பார்க்கவேண்டியது சராசரித் தூரம். 7-அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) 140 மீட்டர் போகும் என்று நம்புவோம். அது என்றோ நன்றாக விழுந்த ஒரு ஷாட். சராசரி 125 என்றால் 125-ஐ நம்பிக் கிளப்பை எடுங்கள். நம் ஊர் மழையில் ஊறிய புல்லில் பந்து உருளவும் உருளாது.

அப்புறம் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்'. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய கணக்கு இது. பட்டிங்கை (குழி இருக்கும் கிரீனில் பந்தை உருட்டி அடிப்பதை) அளக்க, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் ஏற்றுக்கொண்டது. 33 அடி தூரத்திலிருந்து தொழில்முறை வீரருக்குச் சராசரியாக 2 பட் தேவை. நீங்கள் 3 எடுத்தால் ஒரு ஸ்ட்ரோக் (ஷாட்) இழப்பு. இப்படி டிரைவர் (நீண்ட தூரத்துக்கான கிளப்), அயர்ன், சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் குட்டி ஷாட்), பட் என ஒவ்வொன்றிலும் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரியும். என் பட்டிங்தான் மோசம் என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். உண்மையில் ஸ்ட்ரோக்குகள் போனது கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன் ஷாட்டுகளில். பயிற்சி நேரத்தை அங்கே மாற்றியதும் பலன் தெரிந்தது.

ஒன்று மட்டும்: குட்டி பட்டுகளைச் சென்சார் தவறவிடும். ஆட்டம் முடிந்ததும், ஃபெர்ரியோ பஸ்ஸோ ஏறுவதற்கு முன்பே, திருத்திவிடுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், பத்து ஆட்டமாவது சேரட்டும்.