டெஸ்ட் கியர்ல, வண்டி ஆட்டோமேட்டிக்ல: ஷெஃபீல்டுக்கு வந்திருக்கிற தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, தேவகோட்டையில இருந்து இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க, சின்னக் கார் ஒண்ணு வாங்கணும், உங்க வீட்டுக்காரம்மா, அதான் நம்ம தங்கச்சியும் ஓட்டிப் பழகணும், கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டிருந்தீங்க. நான் காரைக்குடி, செக்காலைப் பக்கம். இங்கேயே குடும்பத்தோட உக்காந்துட்டவன்.

எந்தக் கார்ங்கிறதுக்கு முந்தி, எந்த வண்டியில டெஸ்ட் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டும் வேற வேற கேள்வி. கியர் வண்டியில பாஸ் பண்ணுனா ரெண்டு வகையும் ஓட்டலாம். ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணுனா லைசென்ஸ்ல 78ன்னு ஒரு குறியீடு போட்டுடுவாங்க, கியர் வண்டி ஓட்ட முடியாது. இந்திய லைசென்ஸ வச்சு, இங்க குடியேறுன நாள்ல இருந்து 12 மாசம்தான் ஓட்டலாம். அதை அப்படியே மாத்தித் தர மாட்டாங்க. அதுக்குள்ள பாஸ் ஆகலைன்னா எல் போர்டு ஒட்டி, 21 வயசு தாண்டி 3 வருஷமா லைசென்ஸ் வச்சிருக்கிற ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் வண்டியை எடுக்கணும். டெஸ்ட் தேதி கிடைக்கவே மாசக்கணக்காகும். அதனால ப்ரொவிஷனலுக்கு, அதாவது பழகுறவங்களுக்குக் குடுக்கிற லைசென்ஸுக்கு, இந்த வாரமே போடுங்க.

நீங்க கியர் தெரிஞ்சவர், கியர்லயே டெஸ்ட் குடுத்துடுங்க. ஆனா நம்ம பக்கத்துப் பழக்கத்தைக் கொஞ்சம் கழட்டி வைக்கணும். தேவகோட்டை ரஸ்தாவுல இருந்து காரைக்குடி வரைக்கும் ரோடு தட்டையாக் கிடக்கும், ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிற வேலையே வராது. இங்க சிக்னலே செங்குத்துல நிக்கும். பின்னாடி பஸ் ஒட்டி வந்து நிக்கிறப்ப, ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு கிளட்சை மெதுவா விடணும். பானெட் லேசா மேல எழும்பி, எஞ்சின் சத்தம் தாழுற இடம் வரும். அங்க காலை அப்படியே நிறுத்தி, அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை விடணும். தினம் சாயங்காலம் ஒரு ஏத்தத்துல இதை மட்டும் பழகுங்க. எறக்கத்துல நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதும், கிளட்சை அமுக்கிக்கிட்டே உருட்டுறதும் இங்க டெஸ்ட்ல தப்பு.

தங்கச்சி புதுசாப் பழகுறதால, அவங்க ஆட்டோமேட்டிக்லயே டெஸ்ட் குடுக்கட்டும். கிளட்ச் தொல்லை இல்லாம ரவுண்டானாவையும் கண்ணாடியையும் கவனிக்கலாம். 78 விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. எலெக்ட்ரிக் கார்ல கையால மாத்துற கியரே கிடையாது. 2030க்கு மேல இங்க வெறும் பெட்ரோல், டீசல்ல ஓடுற புதுக் கார் விக்கக் கூடாதுன்னு அரசாங்கமே சொல்லியாச்சு. ஊர்ல வாசல்ல கார் நின்னாலும், டிரைவர் வந்தாத்தான் பிள்ளையார்பட்டிக்கே போக முடியும்னு காத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர்! இந்த ஊர்ல மழையில பிள்ளையோட பஸ் ஸ்டாப்புல நிக்கிற நிலைமை அவங்களுக்கு வரக்கூடாது. உங்க டெஸ்டைவிட அவங்க டெஸ்ட்தான் முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

ஆக, வாங்குற வண்டி ஆட்டோமேட்டிக். ரெண்டு பேரும் ஓட்டலாம். உங்க கியர் பழக்கத்துக்கு டிரைவிங் ஸ்கூல் வண்டி இருக்கு, லீவுல ஊருக்குப் போனா அப்பா வண்டி இருக்கு. இந்திய லைசென்ஸ் காலாவதி ஆகாமப் பாத்துக்கங்க. ஊர்ல 2014ல மாருதி செலெரியோவோட வந்த ஏஎம்டி, அதான் சாதா கியர்பாக்ஸையே மிஷின் மாத்துற வகை, ஒவ்வொரு கியருக்கும் தலையாட்டுமே, அதை வச்சு எல்லா ஆட்டோமேட்டிக்கையும் எடை போடாதீங்க. பழைய வண்டியில டுயல் கிளட்ச், அதாவது ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக் வகைன்னா சர்வீஸ் பில் முழுசா இருந்தா மட்டும் பேசுங்க, ரிப்பேர்னு வந்தா பணத்தைக் கரைச்சுடும். என் விருப்பம் டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், பெட்ரோலும் பேட்டரியும் சேந்து ஓடுற கார். அதோட கியர்பாக்ஸ்ல தேயுறதுக்குக் கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கியர் வண்டியைவிட விலை கூடத்தான். இன்சூரன்ஸ் எவ்வளவு வருதுன்னு, ரெண்டு பேர் பேரையும் போட்டுப் பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

வண்டி பாக்கப் போறப்ப எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஏத்தத்துல நிறுத்தி எடுங்க, ரிவர்ஸ் போடுறப்ப இடிக்குதான்னு பாருங்க. ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க, நானும் கூட வர்றேன்.