24 நாள் கப்பல் பயணம்: அட்வான்ஸ் கட்டுமுன்

வணக்கம். 24 நாள் கப்பல் பயணத்துக்கு அட்வான்ஸ் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; உங்கள் மனைவிக்குப் பேருந்திலேயே குமட்டும் என்கிறீர்கள். அப்படியானால் 24 நாளுக்கு அட்வான்ஸ் கட்டக் கொஞ்சம் பொறுங்கள். முதலில் 3, 4 இரவுப் பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். அதில் ஒரு முழு நாளாவது கரை தொடாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாது. பெருங்கடலைக் கடக்கும் தடமென்றால் 5, 6 நாள் தொடர்ந்து தண்ணீர்தான்.

அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்முனையும் மேல்தளமும் வேண்டவே வேண்டாம். அறை எண் குறிக்காத மலிவுச் சீட்டில் எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனத்தாரே ஒதுக்குவார்கள், பலரும் மாட்டுவது அங்கேதான். மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் பலன் குறைவு. மருத்துவரைக் கேட்டு, கப்பல் கிளம்புமுன்பே போடச் சொல்லுங்கள். காப்பீட்டில் நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.