பழைய லேத்: வாங்கவும் திருத்தவும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மூடிக்கிடக்கும் பட்டறை ஒன்றில் மைஃபோர்ட் எம்எல்7 லேத் (கடைசல் இயந்திரம்) விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயின்ட்டை விடுங்கள், பெட்டை, அதாவது மற்றப் பாகங்கள் சறுக்கி நகரும் நீண்ட அடித்தளத்தைப் பாருங்கள். எம்எல்7 இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் உள்ள பீஸ்டனில் செய்த மெஷின். 1940களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. எந்த லேத்திலும் கேரேஜ் (வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பாகம்) அதிகம் நடமாடுவது சக்குக்கு (கடையும் பொருளைப் பிடிக்கும் தாடைப் பிடி) கிட்டத்தான். தேய்மானமும் அங்கேதான் கூட இருக்கும்.

கேரேஜைச் சக்குப் பக்கம் கொண்டுபோய், ஜிப் ஸ்க்ரூக்களை (கேரேஜின் தளர்வைச் சரிசெய்யும் திருகுகள்) லேசாகப் பிடிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு கைச்சில்லைச் சுற்றி, சக்குக்கு எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போகக் கொஞ்சம் பாரம் கூடினால் பயமில்லை. பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால் பெட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

அடுத்தது சக்கைச் சுழற்றும் தண்டு, ஸ்பிண்டில். சக்கில் தடித்த கம்பி ஒன்றைப் பிடித்து, டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் மானி) ஸ்பிண்டிலில் வைத்து, கம்பியை மேலே நெம்புங்கள். ஊசி 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் அது எண்ணெய் நிற்க வேண்டிய இடைவெளி. அதைவிடக் கூடினாலும் உடனே கைவிட வேண்டாம். எம்எல்7இன் வைட்மெட்டல் பேரிங்குகளுக்கு மூடியின் கீழே தாள் தாளாக உரிக்கக்கூடிய ஷிம் (மெல்லிய இடைத்தகடு) இருக்கும். ஒரு தாளை உரித்து இறுக்கிப் பாருங்கள், ஸ்பிண்டில் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுகளான பேக் கியரின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இறுகிய சக்கைக் கழற்றுவதற்காக பேக் கியரைப் பூட்டிவிட்டு அடிப்பவர்கள் பலர். பல் உடைவது அப்படித்தான். நாலு தாடைச் சக், மாற்றுப் பற்சில்லுகள், ஸ்டெடி (நீண்ட கம்பியைத் தாங்கும் பிடி) எல்லாம் கூட வருகின்றனவா என்று பணம் கொடுக்கும் முன்னே கேளுங்கள். இவற்றைப் பிறகு தனித்தனியாகத் தேடி வாங்கினால் லேத்தின் விலையையே தாண்டிவிடும். பட்டறையின் மூலைகளையும் மேசைக்குக் கீழேயும் நீங்களே தேடுங்கள். விற்பவருக்கு அவை என்னவென்று தெரியாமலிருக்கலாம்.

வல்வெட்டித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. அப்பாவின் லேத் முழுக்கக் கறள். எமெரித் தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பெட்டில் எமெரி வேண்டாம். அதன் தூள் சறுக்குப் பரப்புகளுக்கு இடையில் புகுந்து தொடர்ந்து அராவும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சவர அலகைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். மேற்கறள் அப்படியே உரிந்து வரும். கறுப்பாக எஞ்சும் தழும்புகள் வேலைக்குக் கெடுதல் செய்யாது, அவற்றை விட்டுவிடுங்கள்.

சின்ன இரும்புச் சாமான்களைத் தேங்காய் வினாகிரியில் ஓர் இரவு போட்டு, சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். அட்லஸ் போன்ற சில அமெரிக்க லேத்துகளின் பற்சில்லுகள் துத்தநாகக் கலவையால் ஆனவை. வினாகிரி அவற்றைத் தின்றுவிடும். ஆகவே காந்தம் ஒட்டாத எதையும் அதில் போடாதீர்கள்.

துப்புரவாக்கிய பிறகு தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. அது நாளடைவில் பிசினாகி ஒட்டும். ஸ்லைட்வே எண்ணெய் 68 வாங்கிப் பூசுங்கள். பொலித்தீனால் மூடவும் வேண்டாம், மாரியில் உள்ளே ஈரம் வியர்த்துப் பழையபடி கறள் வரும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணி போதும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள்.

பெட்டைக் கொழும்புக்கு அனுப்பி கிரைண்ட் செய்ய வேண்டுமென்று ஒருவர் சொல்கிறார். செய்யவா?

முதலில் லெவல் பாருங்கள். பெட் தேய்ந்துவிட்டது என்று சொல்லப்படும் லேத்துகளில் பல, உண்மையில் சமமில்லாத சீமெந்துத் தரையில் போல்ட் இறுக்கி முறுக்கப்பட்டவை. ஒரு 25 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை ஒரே வெட்டில் மெல்லியதாகக் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு வராவிட்டால், டெயில்ஸ்டாக் பக்கக் கால் ஒன்றின் கீழ் ஷிம் வைத்து மறுபடி கடையுங்கள். அனேகமாக இதிலேயே சரியாகிவிடும். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் வராதபோது, இப்படித் தேய்ந்த லேத்துகளில் கடைந்த சாமான்களால்தான் குடாநாட்டில் எத்தனையோ தண்ணீர்ப் பம்புகள் ஓடின. நல்ல கடைசற்காரருக்குத் தேய்மானம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் போதும்.

லேத்தில் இருப்பது திரீ பேஸ் மோட்டர். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும்தான்.

நேம் பிளேட்டைப் படியுங்கள். 230/400 என்று இருந்தால் டெல்டாவாக இணைத்து, 230 வோல்ட் விஎஃப்டி (சிங்கிள் பேஸைத் திரீ பேஸாக மாற்றித் தரும் மின்கருவி) ஒன்றில் ஓட்டலாம். 400 ஸ்டார் என்று மட்டும் இருந்தால், உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சை மோட்டர் வைண்டிங் செய்பவர் பிரித்துத் தர வேண்டும். விஎஃப்டியிலிருந்து மோட்டருக்கு வயர் நேரே போக வேண்டும், இடையில் பழைய சுவிட்ச் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். மைஃபோர்ட், சவுத் பெண்ட் போன்றவற்றில் சக் புரியில் திருகித்தான் நிற்கிறது. விஎஃப்டியில் பிரேக்கைக் கடுமையாக வைத்தால் ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் தன் வேகத்தில் கழன்று உங்கள் மேல் வரும். நிற்க எடுக்கும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள்.

லீட் ஸ்க்ரூ (புரி வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலத்துக்கு 8 புரி. லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெஷின்) மில்லிமீட்டர் புரி வெட்ட முடியுமா?

முடியும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை 5ஆல் பெருக்கினால் 127. அதனால் 127 பல்லுள்ள சில்லு ஒன்று சேர்த்தால் கணக்கு துல்லியமாக வரும். அது பெரிய சில்லு, இடம் போதாவிட்டால் 63 பல்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மீட்டருக்கு 0.125 மி.மீ.தான் பிழை, நட்டுக்கும் போல்ட்டுக்கும் அது ஒன்றுமில்லை. புரி முடியும்வரை, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். கருவியைப் பின்னுக்கு இழுத்து, மெஷின் முழுதாக நின்ற பிறகு, மெதுவான வேகத்தில் ரிவேர்ஸ் கொடுத்துத் திரும்புங்கள்.